விளக்கு வைத்த பிறகு

துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் முறைப்படி அடுப்படியில் இருந்ததையெல்லாம் வெளியே கொட்டிவிட்டார்கள். கோமளா கடைசியாக உறை ஊற்றி வைத்த தயிரும் அதோடு போயிற்று. அவள் கணவர் சிங்காரத்துக்கு அது மறுநாள்தான் தெரிந்தது. அந்தியில் டம்ளரும் கையுமாக எதிர்வீட்டுச் சௌந்தரவல்லியின் வாசலில் வந்து நின்றார்.

"கொஞ்சம் உறைமோர் இருக்குமாம்மா? பால் அடுப்புல இருக்கு. உன் வீட்டுத் தயிரு அவ குடுத்த மோர்ல உறைஞ்சதுதானே."

விளக்கு வைத்துவிட்டால் உறைமோர் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. சௌந்தரவல்லி யாருக்காகவும் அதை மீறியதில்லை. உள்ளே போனவள், அப்போதுதான் ஏற்றியிருந்த விளக்கைப் பூவால் ஒற்றி அணைத்தாள். இருட்டிலேயே தயிர்ச் சட்டியை எடுத்து வந்து, விரலால் வழித்து மொத்தத்தையும் டம்ளரில் விட்டாள்.

"உனக்கு?"

"நாளைக்கு உங்க வீட்டுல வந்து வாங்கிக்கிறேண்ணே. எப்பவும் போல."

அவர் டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

விளக்கை மறுபடி ஏற்றத் தீக்குச்சியை உரசும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனுஷன் ஒருநாளும் அடுப்படிக்குள் நின்றவரில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

"அண்ணே, பால் ஆறட்டும்! சூட்டுல ஊத்தினா திரிஞ்சு போயிடும்!"

அடுப்பில் பால் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. சிங்காரம் அதன்மேல் டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, அடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு சொட்டு வீணாக்கலம்மா," என்றார்.