விட்டுப்போன மூணு

என் தம்பி ஒரு பங்க் ராக் பாட்டுக் கோஷ்டியில் டிரம் அடித்தான். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் "ஒண்ணு, ரெண்டு, நாலு" என்று கத்துவான். மூணு வராது. எண்ணச் சொல்லிக்கொடுத்தவன் நான். அப்போது என் படிப்பு அவ்வளவுதான்.

மூன்று இசைத்தட்டு போட்டார்கள். அதோடு அவன் செத்துப்போனான். ஆத்திரத்தில் எல்லாத் தட்டையும் உடைத்தேன். முப்பது வருஷம் கழித்து, பஸ்ஸில் யாரோ ஒருத்தர் போனில் அந்தக் கத்தலைக் கேட்டேன். மறுபடி தேடித் தேடி மூன்றையும் சேர்த்தேன். நான் தச்சன், மூன்று தட்டுக்கு அளவாக ஒரு பெட்டியும் செய்தேன்.

நேற்று பழைய தட்டுக் கடைக்காரர் நாலாவதை நீட்டினார்.

"ஏமாத்தாதய்யா. போட்டதே மூணுதான்."

"கேட்டுட்டுப் பேசுங்க பெரியவரே. பொய்யின்னா என் தலையிலயே போட்டு உடைங்க."

வீட்டில் போட்டேன். இதுவரை கேட்காத பாட்டு. முன்னால் தம்பி குரல்.

"ஒண்ணு, ரெண்டு..." கொஞ்சம் தயங்கினான். "மூணு, நாலு. சரியாண்ணே?"

"சரிதான்டா" என்றேன்.

நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் இன்று காலை பெட்டியைப் பிரித்து, நாலுக்கு இல்லை, ஐந்து தட்டுக்கு அளவெடுத்தேன்.