வெயிலின் மேல் ஒரு பெட்டிசம்

காலையில் எழும்பினதும் குலசிங்கம் முதலில் பார்ப்பது வானத்தைத்தான். முகில் தெரிந்தால் மனதுக்குள் ஒரு சந்தோசம். வெயில் எறித்தால் தேத்தண்ணியும் கசக்கும்.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. சண்டையில் கம்பிகள் அறுந்த நாளில் இருந்து பாலையூற்றின் கடைசித் தெருக்களுக்குக் கரண்ட் இல்லை. குலசிங்கத்தின் மண்ணெண்ணெய் மெசின்தான் எல்லோருக்கும் கதி. பிள்ளைகள் படிக்கிற விளக்குக்கு, றேடியோவுக்கு, வெள்ளிக்கிழமை ரீவிப் படத்துக்கு என்று சனம் கார் பற்றரிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து அவரிடம் சார்ஜ் பண்ணிப் போகும். அவர் கையால் எழுதிக் கொடுக்கிற துண்டைக் காட்டித்தான் பற்றரியைத் திருப்பி எடுக்கலாம். அவர் வைத்ததுதான் விலை.

மூன்றாம் வீட்டில் தனியாக இருந்து உடுப்புத் தைக்கிறவள் இரத்தினேஸ்வரி. கொழும்பில் இருக்கிற தம்பி வாங்கிக் கொடுத்த சூரியத் தகடு ஒன்றை, அரசாங்கக் கச்சேரியில் அனுமதிப் பாஸ் எடுத்து லொறியில் கொண்டுவந்து கூரையில் பூட்டினாள். முதலில் தன் வீட்டு விளக்குக்கு. பிறகு அயலாரின் பற்றரிகளுக்கும். வெயிலுக்கு எண்ணெய் ஊற்றத் தேவையில்லையே, பாதி விலைதான்.

சைக்கிள்கள் குலசிங்கத்தின் வாசற் படலையைத் தாண்டிப் போகத் தொடங்கின. அவரும் விலையைக் குறைத்துப் பார்த்தார். எண்ணெய்ச் செலவுக்கே கட்டவில்லை. மழை மூட்டமான நாட்களில் மட்டும் பழைய ஆட்கள் திரும்பி வருவார்கள். அன்றைக்கு விலையை இரண்டு மடங்காக்குவார். ஏன், சூரியனிட்டப் போறதுதானே என்று குத்திக் கதைப்பார்.

வெயிலுக்கு அவள், மழைக்கு நாங்கள் என்று இருந்துவிட்டுப் போகலாமே என்று மனைவி அன்னலட்சுமி சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் ஏறவில்லை. அந்தத் தகடு மினுங்கும்போதெல்லாம் கண்ணில் தூசு விழுந்த மாதிரி உறுத்தியது.

ஒரு நாள், பெயர் போடாமல் ஆமி முகாமுக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டார். அந்தத் தகடு ஆமியோடு சண்டை பிடிக்கிற இயக்கத்தின் வோக்கி டோக்கிக்குக் கரண்ட் கொடுக்கிறது என்று. வந்து தகட்டைக் கழற்றிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தார்.

ஜீப் வந்தது. தகட்டோடு அவளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று நல்ல வெயில். ஆனாலும் சைக்கிள்கள் எல்லாம் அவர் படலையில்தான் நின்றன. அவர் மெசினைத் தொடவே இல்லை. அப்படிக் கொண்டுபோனவர்களில் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை ஒரு ஆமிக்காரன் அவர் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தான். முகாமுக்குப் போனார். அதிகாரி சிங்களத்தில் கேட்க, பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார். தகடு எதற்கு என்று உங்களிடம் விசாரிக்கச் சொல்லுகிறாள் அந்தப் பெண்; ஊரில் பற்றரி விசயம் தெரிந்த ஆள் நீங்கள்தானாம்.

குலசிங்கம் நிலத்தைப் பார்த்தார். "அது பற்றரி சார்ஜ் பண்ண மட்டும்தான் ஐயா. வேற ஒண்டுக்கும் இல்லை. நான் பொறுப்பு."

மத்தியானம் அவளை விட்டார்கள். தகட்டைத் தன் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு அவர் வந்தார். அவள் பக்கத்தில் நடந்தாள்.

"ஆமிக்காரர் பெட்டிசத்தை எனக்குக் காட்டினவை" என்றாள். "மூண்டு வருசமா உங்களிட்டப் பற்றரித் துண்டு வாங்கினனான். உங்கட எழுத்து எனக்குத் தெரியாதே?"

சைக்கிள் நின்றுவிட்டது.

"அவையளிட்டச் சொன்னனீங்களோ?"

"இல்லை. ஆர் எழுதினது எண்டு தெரியாது எண்டிட்டன். உங்களையும் பிடிச்சு வைச்சால் மாரிக்கு இந்தச் சனம் என்ன செய்யும்? மழையில என்ர தகட்டால ஒண்டும் ஏலாது. உங்கட மெசின்தான் வேணும்."

"பிறகேன் என்னை விசாரிக்கச் சொன்னனீங்கள்?"

இரத்தினேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"பெட்டிசம் பொய் எண்டு நிச்சயமாத் தெரிஞ்ச ஆள், ஊரில நீங்கள் ஒருத்தர்தானே அண்ணை."