மாட்டினவங்கதான் கழட்டணும்

“அந்த அட்டையைப் பிடுங்கி எறிஞ்சுட்டு ஸ்விட்சைப் போடும்மா! இன்னும் ஒன்பது நிமிஷம்தான்!”

கல்வி அதிகாரியின் அதட்டல் பள்ளிப் பட்டறை முழுக்க எதிரொலித்தது. கடைசல் இயந்திரமான லேத்தில் இரும்புத் தண்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிய பத்தாம் வகுப்பு மாணவி, மெயின் ஸ்விட்ச் முன்னால் அப்படியே நின்றாள். வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் ஸ்பேனர்.

பதினொரு மணிக்குள் அவள் ஒரு போல்ட் கடைந்து காட்ட வேண்டும். காட்டினால் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் இதேபோல் தொழில் வகுப்பு. இல்லையென்றால் இந்தப் பட்டறைக்கும் பூட்டு. காலையில் எல்லோருக்கும் முன்னதாகவே வந்து, பள்ளி முழுக்கச் சுற்றிப் பார்த்த அதிகாரி போட்ட நிபந்தனை அது.

ஆனால் ஸ்விட்சில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. ‘வேலை நடக்கிறது. தொடாதே.’ கீழே புரியாத ஒரு கிறுக்கல் கையெழுத்து, ஒரு போன் நம்பர்.

“போட மாட்டேன் சார். மாட்டினவங்கதான் கழட்டணும். இதே லைன்தான் மாடியில இருக்கிற தண்ணி மோட்டாருக்கும் போகுது. அங்க யாராவது வயர்ல கை வெச்சிருந்தா?”

“யாரும் இல்லை. நானே சொல்றேன், போடு!” இடது கையைப் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்காமலே, வலது கையால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

பட்டறை வாத்தியாருக்கு வியர்த்துக் கொட்டியது. “பெரியவர் சொல்றார்மா... மூணு வருஷ உழைப்பு. இந்த ஒரு தடவை...”

“நீங்க நடத்தின முதல் பாடமே இதுதானே சார்? அதையே மறக்கச் சொல்றீங்களே!”

அதிகாரி குறுக்கே புகுந்தார்.

“வேலைக்குப் போனா முதலாளிகிட்டேயும் இப்படித்தான் வாயாடுவியா?”

“முதலாளியே மாடியில ஏறி நின்னுட்டிருந்தா, சார்?”

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

“நாலு நிமிஷம். பழைய பெஞ்சு அடுக்கி வைக்க இந்த ரூம் நல்லாத்தான் இருக்கும்.”

ஸ்பேனரின் கண்களில் நீர் முட்டியது. ஆனாலும் கை ஸ்விட்ச் பக்கம் போகவில்லை. வாத்தியாரிடம் நீண்டது.

“சார், உங்க போனைக் குடுங்க.”

அட்டையில் இருந்த நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

மணி அடித்தது, அதிகாரியின் சட்டைப் பையில்.

“பாஸ்ம்மா!” அவர் முகமெல்லாம் சிரிப்பு. “இந்தப் பட்டறை மட்டுமில்லை, எல்லாப் பள்ளியும். இன்னிக்கே கையெழுத்துப் போடறேன். போல்ட்டை நிதானமா கடை.”

“சார்... நீங்களா மாட்டினீங்க? ஏன்?” வாத்தியாருக்கு நாக்குக் குழறியது.

“இந்த உத்தியோகத்துக்கு முன்னால, நான் மில்லுல மெக்கானிக்கா சேர்ந்த புதுசுல, அவசரம்னு ஒருத்தர் என் அட்டையைக் கழட்டிட்டார்.”

தான் மாட்டிய அட்டையைத் தானே கழற்ற, காலையிலிருந்து பாக்கெட்டுக்குள்ளேயே இருந்த இடது கையை வெளியே எடுத்தார். அதில் மூன்று விரல்கள்தான் இருந்தன.