வெதுவெதுப்பு
வீட்டு நீச்சல்குளத்துத் தண்ணீரைச் சூடாக்க கேஸா, சோலாரா, ஹீட் பம்பா என்று கணவனும் மனைவி மரகதவல்லியும் முடிவுக்கே வராததால், விற்பனைக்காரர் அவர்களைப் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் நீச்சல்குளத்துக்கே கூட்டிப்போனார். வீட்டுக்காரப் பெரியவர் கழுத்தளவு தண்ணீரில் ஊறிக்கிடந்தார். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு மினுங்கியது.

“எறங்கிப் பாருங்க. ஹீட் பம்ப் வெச்சதுலருந்து நான் மேலயே வர்றதில்லீங்க. சாப்பாடுகூட இங்கயேதான்.”

சோற்றுப் பருக்கையொன்று உப்பி மிதந்தது. மரகதவல்லி கால்விரலை மட்டும் நனைத்தாள். பஸ்ஸில் யாரோ எழுந்துபோன சீட்டில் உட்கார்ந்ததுபோல அந்தச் சூடு ஒட்டிக்கொண்டது. வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

“சே, வேண்டாங்க. போலாம்” என்று திரும்பினாள்.

கணவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியில் இறங்கிக்கொண்டிருந்தான். பெரியவர் சற்றே நகர்ந்து இடம் விட்டார்.