நெடுமாறன் வீட்டுப் புயல்

"நெடுமாறன் அண்ணே, இந்த மாசத்துல இது மூணாவது புயல். உங்களுக்கே நல்லாருக்கா?"

மாடி வீட்டு பிரவின்குமார் படபடவென்று இறங்கி வந்து கேட்டான். நிலக்கரி மைன்ஸில் புது இன்ஜினியர். வந்த வேகத்தில் செல்போனை நீட்டினான்.

"பாருங்க, வெறும் மழைன்னுதான் போட்டிருக்கு."

நெடுமாறன் சுவரைக் காட்டினார். "முள்ளு இறங்கிடுச்சே சார்!"

சுவரில் வெள்ளைக்காரன் காலத்து பாரோமீட்டர். காற்றழுத்தம் குறைந்தால் முள் இடப்பக்கம் இறங்கி, இங்கிலீஷில் புயல் என்று போட்ட இடத்தில் நிற்கும்; கூடினால் வலப்பக்கம், வெயில் என்று போட்ட இடத்துக்கு ஏறும். வடலூர் பழைய இரும்புக் கடையில் வெறும் பித்தளைக் கூடாகக் கிடந்ததை வாங்கி, உள்ளே எல்லாம் தானே செய்து மாட்டியதாகச் சொல்வார்.

மனுஷன் மைன்ஸில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக். எந்த மீட்டரும் அவர் கை பட்டால் ஒழுங்குக்கு வந்துவிடும். சொந்த வீட்டு மீட்டர் மட்டும், தூறல் போட்டாலே புயல் என்றது.

"எங்கம்மா காலையிலேர்ந்து குடம் குடமா தண்ணி பிடிச்சு வெச்சுகிட்டிருக்காங்க. முன்னே ஊரையே புரட்டிப்போட்ட அந்த 'தானே' புயல்ல பட்ட பயம் இன்னும் போகல. அதோ, பாவம், அவங்களையும் பயமுறுத்திக் கூட்டிட்டு வந்துட்டீங்க."

கூடத்து மூலையில் சாமியம்மாள் துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். இவர்கள் குடியிருக்கும் பிளாக்கைக் கூட்டிப் பெருக்குகிறவள். பக்கத்தில் அவளுடைய இரண்டு பெண்கள். தானே புயலில் கூரை போனதிலிருந்து அவள் வீட்டுக்குத் தார்ப்பாய்தான் கூரை.

"இதுல என்னதான் இருக்குன்னு பாத்துடறேன்." பிரவின்குமார் பாரோமீட்டரை எட்டிக் கழற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். நெடுமாறன் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினார்.

பின்மூடி திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. முள்ளை ஒரு திருகாணி பிடித்துக்கொண்டிருந்தது; திருப்பி வைத்த பக்கம் முள் நிற்கும், அவ்வளவுதான்.

"இதுதான் நீங்க செஞ்ச லட்சணமா?"

"செய்யத் தெரியாம இல்ல சார். செஞ்சா அது மழைய மழைன்னுதான் காட்டும்."

"காட்டட்டுமே!"

"மெதுவாப் பேசுங்க சார். மழைன்னா சாமியம்மா வராது. நானும் என் வீட்டுக்காரியும் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பாத்துட்டோம். 'மழைக்கெல்லாம் அடுத்தவங்க வூட்ல வந்து ஒண்ட மாட்டேன்'னுடுச்சு. அங்க தார்ப்பாய் ஒழுகி, பொண்ணுங்க விடிய விடிய நனைஞ்சுகிட்டு உக்காந்திருக்குதுங்க. புயலுன்னா ஊரே ஒண்டும். அதுல கௌரவக் குறைச்சல் இல்ல பாருங்க."

பிரவின்குமார் பின்மூடியைத் திருகி மூடினான்.

கூடத்துக்கு வந்து பாரோமீட்டரைப் பழையபடி ஆணியில் மாட்டினான். சாமியம்மாள் காதில் விழட்டும் என்று உரக்கவே சொன்னான்.

"நீங்க சொன்னது சரிதாண்ணே. புயல்தான். நாளைக்கும் இருக்கும்போல."

நெடுமாறன் சிரித்தபடி டீ எடுத்துவர அடுப்படிக்குள் போனார்.

அவர் தலை மறைந்ததும் சாமியம்மாள் எழுந்து வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சார், நீங்க கழட்டுனதுல முள்ளு வெயிலு பக்கம் போய் நின்னுகினு இருக்குது. அண்ணன் வர்றதுக்குள்ள பழைய எடத்துல திருப்பி வெச்சுடுங்க. உள்ள ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, பாவம், மனசு ஒடிஞ்சிடுவாரு."