அரைக் குளிசை

பாக்குவெட்டியின் வாயில் வெள்ளைக் குளிசை ஒன்றை வைத்து, அதன் நடுக்கோட்டைக் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான் ரதீஸ். மகனை முன் கொட்டிலில் விட்டுவிட்டு நெருப்புப்பெட்டி கேட்டு உள்ளே வந்த பக்கத்து வளவு அன்னப்பூரணி அதைக் கண்டுவிட்டாள்.

"பாக்கு எண்டெல்லோ நினைச்சன். என்னகா தம்பி இது?"

"மனச்சோர்வுக்குக் குடிக்கிற குளிசை அக்கா." ரதீஸ் மறைக்கவில்லை.

அவன் மனைவி மேனுகா தண்ணீர்க் கோப்பையோடு அடுப்படி வாசலில் நின்றாள். முன் கொட்டிலில் ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள் அவள். சேலை கட்டி ஆயத்தமாகியும் இன்னும் போகவில்லை.

அன்னப்பூரணியின் வாய் சும்மா இருக்குமா? "யானை வந்தா வெடியக் கொளுத்திக்கொண்டு முன்னுக்கு ஓடுற ஆள் நீ. உனக்கு மனச்சோர்வெண்டு யானை அறிஞ்சா, அதுக்குப் பயம் விட்டுப் போயிடும்."

"யானைக்கும் நீங்கதான் போய்ச் சொல்லுவீங்க."

"அது கிடக்கட்டும். ஏன் வெட்டுறாய்? வேணாமெண்டா தூக்கி எறியன்."

"போன முறை டொக்டரிட்டக் கேக்காம ஒரேயடியா நிப்பாட்டிப் பட்ட பாடு காணும் அக்கா. தலைச்சுத்து, நித்திரையில்ல, காரணமில்லாத அழுகை. டொக்டர் நல்லா ஏசினவர். திரும்ப முழுசாத் தொடங்கி, இப்பதான் அரைவாசியாக் குறைக்கச் சொல்லியிருக்கார்."

குளிசை இரண்டாகப் பிளந்தது. "வயல்ல நிக்கிற தண்ணிய வடிய விடுற மாதிரித்தான். வரம்பில தண்ணி போற வக்கடையை ஒரேயடியா வெட்டினா, தண்ணி வரம்பையும் சேத்துக் கொண்டு போயிடும்."

"உவமானம் நல்லாத்தான் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை வயற்காரர்ர வட்டைக் கூட்டமெல்லோ? இந்த முறை நீதான் வட்டை விதானை எண்டு எல்லாரும் பறையிறாங்க. குளிசை குடிக்கிறவனுக்கு ஆருகா கை உயர்த்துவான்?"

வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் அந்த விதானை வேலைக்கு ரதீஸ் எத்தனையோ போகமாக ஆசைப்பட்டவன். வயற்காரர் கை உயர்த்தித்தான் ஆளைத் தெரிவுசெய்வார்கள். அன்னப்பூரணி அறிந்தது பொழுது சாய முன் வட்டை முழுக்கத் தெரிந்துவிடும் என்பதும் அவன் அறிந்ததுதான்.

"உயர்த்தாட்டி விடட்டும். அவங்களுக்குக் கை நோகாது."

மேனுகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரதீஸ் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். வந்த சொல் நின்றுவிட்டது.

அன்னப்பூரணி நெருப்புப்பெட்டியை வாங்கி இடுப்பில் செருகினாள். "நல்ல காலம், எங்கட பிள்ளையள மேனுகாட்ட விட்டிருக்கம். குளிசைக்காரன் உன்னட்ட எண்டா ஒருத்தியும் விடமாட்டாள்."

"அதுதானே அக்கா," என்று சிரித்தான் ரதீஸ்.

படலை சாத்துகிற சத்தம் கேட்டது. முன் கொட்டிலில் பிள்ளைகள் கத்தத் தொடங்கியிருந்தார்கள். ரதீஸ் ஒரு பாதியைப் போத்தலில் போட்டு மூடி, மறு பாதியோடு எழும்பி அடுப்படி வாசலுக்குப் போனான்.

"ஆ காட்டுங்க, டீச்சர்."