பக்கத்தின் அடியில் ஒரு வரி

"ஏலே பாண்டி, துரோகம் பண்ணிட்டியே!"

கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் பத்ரிநாத் கத்தியது இதைத்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறான். வழியில் கோபம் கொஞ்சமும் ஆறவில்லை.

தன் நாய் வெள்ளச்சியின் முதுகைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்த பாண்டிச்செல்வம் ஈரத்துணியோடு எழுந்தான். "என்னடா ஆச்சு?"

"உன் சைட்டுல என் லிங்க் எங்க? இன்னிக்குக் காலையில பாத்தாக் காணோம்."

பாண்டி போனை எடுத்துத் தன் நாய்ப் பண்ணையின் சைட்டைத் திறந்தான். விரலால் தள்ளித் தள்ளி அடிவரைக்கும் போனான். 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வேண்டுமா? இங்கே தொடவும்' என்ற வரி இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

நேற்று மதியம் உட்கார்ந்து குட்டிகளின் படங்களை நீக்கியிருந்தான். இல்லாத குட்டிக்குப் படம் எதற்கு என்றுதான். அந்த வரியும் அதோடு சேர்ந்து போயிருக்கிறது.

"தெரியாமப் போச்சுடா. சத்தியமா."

"என்னத்தத் தெரியாம? ஆறு வருசமா என் பக்கத்துல நீ, உன் பக்கத்துல நான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில கையில அடிச்சுப் பேசுன பேச்சு. நாலு சைட்டு கைகாட்டுனாத்தான் கூகிள் நம்மள மேல தூக்கும். நீ தூக்கிவிடாட்டாலும் பரவால்ல, காலை வாருதியே!"

பாண்டி எதையும் மறக்கவில்லை. இருவரும் ஒரே பாலிடெக்னிக்கில் படித்து, ஒரே பேப்பரில் தோற்றவர்கள். ஒருவன் பால்கோவா கிண்டப் போனான், ஒருவன் நாய் வளர்க்க வந்தான். விளம்பரம் செய்ய இருவருக்கும் வக்கில்லை. அதனால்தான் இந்த ஏற்பாடு.

ஆண்டாள் கோயிலுக்கு வந்துபோன வெளியூர்க்காரன், ஊர் திரும்பியதும் பால்கோவாவுக்காக பத்ரியின் சைட்டைத் திறப்பான். அடியில் பாண்டியின் வரியைப் பார்ப்பான். தொட்டால் ராஜபாளையம் குட்டிகள் வரும். பாண்டிக்கு வந்த போன்களில் முக்கால்வாசி அந்த வழியாக வந்தவைதான்.

"ஒரே ராத்திரியில எப்படிடா கண்டுபிடிச்ச?"

"தினம் காலையில பல்லு விளக்குறதுக்கு முன்னாடி உன் சைட்டைத்தான் திறப்பேன். என் வரி இருக்கா, போயிருச்சான்னு."

பாண்டிக்குக் கூசிப்போனது. "நான் உன்னுத ஒருநாள்கூடத் திறந்து பாத்ததில்லடா."

"அதெதுக்கு?" பத்ரியின் குரல் சட்டென்று இறங்கியது. "நம்பிக்கை இருந்தாப் போதும்."

பாண்டி அங்கேயே உட்கார்ந்து வரியைத் திரும்பப் போட்டான். செய்த தப்புக்கு ஈடாக, அடியில் கிடந்ததை உச்சிக்கு ஏற்றினான். வெள்ளச்சியின் படத்துக்கும் மேலே. பத்ரி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் பெருசாப் போடு" என்றான். போட்டான்.

"ஆமா, மத்த நாய்கள்லாம் எங்க?"

"வித்தாச்சு. தீபாவளியோட போன் நின்னுபோச்சுடா. அஞ்சு மாசமா ஒரு ஆளு குட்டி கேக்கல. எட்டுல ஏழு போயிருச்சு. இவளையும் இன்னிக்குக் குடுத்துட்டுப் பண்ணையை மூடுதேன். நாளையில இருந்து மில்லு, நைட் ஷிப்ட்."

"யாரு வாங்குதா?"

"தளவாய்புரத்துல சமுத்திரம்னு ஒருத்தன். மாட்டாஸ்பத்திரியில வச்சுப் பாத்தேன். மூணு மணிக்கு வாரேன்னான். எனக்கு மனசே இல்லடா. அதுக்குள்ள குட்டி வேணும்னு ஒரே ஒரு போன் வந்தாக்கூட, இவளைத் தரமாட்டேன்னு சொல்லிருவேன்."

பத்ரி குனிந்து செருப்பைத் தேடினான். போட்டுக்கொண்டு, பையிலிருந்து அரைக்கிலோ பால்கோவாப் பொட்டலத்தை எடுத்துச் சுவர்மேல் வைத்தான்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. வரியைத் திரும்பத் தூக்கிராத, என்ன?"

மூன்று மணிக்குச் சமுத்திரம் சின்ன வேனில் வந்தான். மரியாதையான பையன். பாண்டியின் போன் அதுவரைக்கும் அடிக்கவில்லை.

வெள்ளச்சி வண்டியில் ஏற மறுத்துக் காலை ஊன்றியது. பாண்டி தூக்கித்தான் ஏற்றினான். பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டைக் கிள்ளி அதன் வாயில் வைத்தான். நக்கிவிட்டு அவன் முகத்தையே பார்த்தது.

"வயசு ஆறாச்சு தம்பி. இன்னும் ஒரு ஈத்துத்தான் தாங்குவா. தெரிஞ்சுதான வாங்குத?"

"தெரியும்ணே. என்ன செய்ய, ஆர்டர் தாங்க முடியல. பெங்களூரு, கோயமுத்தூருன்னு குட்டிக்கு வரிசையில நிக்காங்க."

"நமக்கு ஒத்த போன் வரல. உனக்கு மட்டும் எப்படிப்பா?"

சமுத்திரத்தின் கண் சுவர்மேல் இருந்த பொட்டலத்தில் விழுந்தது. அதில் அச்சடித்த பெயரைப் பார்த்துச் சிரித்தான்.

"இந்தா, இவருதாண்ணே! நம்ம வீட்டுப் பாலு இவிய கடைக்குத்தான் போகுது. தீபாவளிக்குச் சைட்டைப் புதுசு பண்ணப்ப, அடியில நம்ம லிங்க்கைப் போட்டுவிட்டாரு. அதுல இருந்து போன் ஓயல."

பாண்டியின் கை வெள்ளச்சியின் கயிற்றை இன்னும் விடவில்லை. "அந்த இடத்துல முன்னாடி வேற ஒருத்தன் பேரு இருந்துச்சே?"

சமுத்திரம் வண்டியை ஸ்டார்ட் செய்தான்.

"பழைய ஆளு தொழிலை விட்டுட்டாராம்ணே."